வீதியோர உணவும் நம்பிக்கையின் அறமும்

மனிதன் உண்ணும் உணவு அவன் உடலை வளர்ப்பதோடு அமைந்துவிடுவதில்லை. யார் சமைத்ததை, யாரிடமிருந்து பெற்று, யாரோடு இருந்து உண்ணலாம் என்னும் வரையறைகளாலேயே ஒவ்வொரு சமுதாயமும் தன் எல்லைகளை வகுத்து வந்துள்ளது. சாதியும் சமயமும், உறவும் பகையும் முதலில் வெளிப்படும் இடங்கள் அடுக்களையும் உண்கலமுமே எனின் அது மிகையாகாது. ஆதலின் மக்கள் உண்ணும் முறையில் ஏற்படும் மாற்றத்தை நாவின் சுவை மாற்றம் என்று மட்டும் கருதி ஒதுக்கிவிடல் பொருந்தாது. அறம் பற்றிய வினாக்கள் சில அதனுள் மறைந்து கிடத்தல் கூடும்.

மட்டக்களப்பிலிருந்து தெற்கே பொத்துவில் நோக்கிச் செல்லும் கரையோர நெடுஞ்சாலை மருதமுனை, பாண்டிருப்பு, கல்முனை, சாய்ந்தமருது, காரைதீவு, நிந்தவூர், ஒலுவில், அட்டாளைச்சேனை, அக்கரைப்பற்று என ஊர்களைத் தொடுத்துச் செல்வது. இவற்றுட் பெரும்பாலானவை தமிழ் பேசும் முஸ்லிம் ஊர்கள். பாண்டிருப்பு, காரைதீவு போன்ற தமிழ் ஊர்கள் இடையிடையே அமைந்துள்ளன. ஓர் ஊரின் எல்லை முடியுமிடத்தில் மற்றோர் ஊர் தொடங்குவதால், இரண்டிற்கும் இடையே வெற்றிடம் காண்பது அரிது. அண்மைக் காலத்தில், மாலை மயங்கியதும் இச்சாலையோரங்களில் புதியதொரு காட்சி தோன்றுகின்றது. அடுப்பும் தட்டும் பொருத்தப்பட்ட வான்களும் முச்சக்கர வண்டிகளும் விளக்கொளியோடு வந்து நிற்கின்றன. ஷவர்மா, பேர்கர், நூடில்ஸ், நாசிகோரெங், பொரித்த கோழி என அவற்றின் பலகைகள் பல தேசத்து உணவுகளை அறிவிக்கின்றன. மாணவரும் இளம் குடும்பத்தினரும் வேலை முடிந்து திரும்புவோரும் அங்கே கூடுகின்றனர்.

இவ்வண்டிகள் குறித்து இருவகை முறைப்பாடுகள் எழுவதுண்டு. பிறநாட்டு உணவைப் புகுத்தி ஊர் உணவை இவை அழிக்கின்றன என்பது ஒன்று. விருந்தாக இருந்த உணவை இவை விற்பனைப் பண்டமாக்கிவிட்டன என்பது மற்றொன்று. இவ்விரண்டையும் ஆராயுமிடத்து, இவற்றினும் ஆழமான மூன்றாவது வினாவொன்று எஞ்சி நிற்பது புலனாகும். முன்பின் அறியாத ஒருவர் கையால் ஆக்கிய உணவை மற்றொருவர் நம்பி உண்பதற்கு ஆதாரம் யாது? அந்நம்பிக்கை உண்பவர் மீதும் உணவு அளிப்பவர் மீதும் சுமத்தும் கடமைகள் யாவை? இக்கட்டுரை அவ்வினாவை நோக்கியே செல்கின்றது.

முதலாவது முறைப்பாட்டை முதற்கண் நோக்கலாம். கல்முனைப் பகுதியில் ஊர் உணவு யாதென இளைஞரிடம் வினவினால், கொத்து ரொட்டி என்ற விடை தயக்கமின்றி வரும். அது கிழக்கிலங்கையிலேயே தோன்றியது என உரிமை கோருவாரும் உளர். ஆயின் அதன் ஆக்கப் பொருள்களைப் பிரித்து நோக்குமிடத்து நிலைமை வேறாகின்றது. ரொட்டிக்கு வேண்டிய கோதுமை இலங்கையில் விளைவதன்று. கப்பலில் வந்திறங்கித் திருகோணமலையில் 1980 முதல் இயங்கிவரும் ஆலையில் மாவாகி ஊர்களுக்கு வருவது. அதற்குக் காரம் சேர்க்கும் மிளகாய் அமெரிக்கக் கண்டத்துப் பயிர். போர்த்துக்கேயர் வழியாகத் தென்னாசியாவிற்கு வந்தது. பெருநாட் காலங்களில் இவ்வூர்களின் வீடுதோறும் மணக்கும் வட்டிலப்பம், ஒல்லாந்தர் ஆட்சியில் இத்தீவிற்கு வந்த மலாய் மக்களின் கொடை எனக் கருதப்படுகின்றது. ஊர் உணவு என இன்று போற்றப்படுவனவற்றுட் பல, முன்னொரு காலத்தில் வெளியிலிருந்து வந்து சேர்ந்தவையே.

ஷவர்மாவின் வரலாறும் இத்தகையதே. அப்பெயர், சுழற்றுதல் என்னும் பொருளுடைய துருக்கிச் சொல்லொன்றிலிருந்து அரபு மொழிக்குச் சென்றது. உதுமானியப் பேரரசின் நகரங்களில் வளர்ந்த அம்முறை, லெபனானிலிருந்து குடிபெயர்ந்தோருடன் மெக்சிக்கோ சென்று, அந்நாட்டுச் சோள ரொட்டிக்குள் புகுந்து அவர்தம் தேசிய உணவுகளுள் ஒன்றாயிற்று. இக்கரைக்கு அது வந்ததோ வேறு வழியால். 1970களின் பிற்பகுதி தொடக்கம் இலங்கையர் பெருந்தொகையினர் வளைகுடா நாடுகளுக்கு உழைக்கச் சென்றனர். இப்போக்கு வலுப்பெற்றதன் விளைவாகவே 1985 இல் வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகம் சட்டவாயிலாக நிறுவப்பட்டது. அங்கே சாரதிகளாகவும் சமையலாளராகவும் ஆண்டுகளைக் கழித்தவர் திரும்பி வருகையில் பணத்தோடு கைத்திறனையும் நாவின் பழக்கத்தையும் கொண்டு வந்தனர். இங்ஙனம் நோக்கின், வண்டியிற் சுழலும் இறைச்சி ஒரு தலைமுறையினரின் பிரிவையும் உழைப்பையும் நினைவூட்டுவதாகும். அதனை நாகரிக மோகம் எனத் தள்ளிவிடுதல் அவ்வுழைப்பை அறியாமையின் பாற்பட்டது.

எனினும் இம்முறைப்பாட்டில் உண்மையின் கூறு அறவே இல்லை என்று கூறவியலாது. அம்பாறை மாவட்டம் நெல் விளையும் நிலம். 1949 இல் தொடங்கிய கல்லோயாத் திட்டம் இந்நிலப்பரப்பின் வேளாண்மையைப் பெருக்கியது. எருமைத் தயிரும் சோறும் ஆற்று மீனும் கடல் மீனும் மலிந்த இடத்தில், மாலை உணவு முற்றாக இறக்குமதிக் கோதுமையைச் சார்ந்து நிற்பது சிந்திக்கத் தக்கது. அந்நியச் செலாவணி இல்லாது நாடு தத்தளித்த 2022 இல் இச்சார்பின் விலை யாவர்க்கும் விளங்கிற்று. கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி அவ்வாண்டு செப்டெம்பரில் உணவுப் பணவீக்கம் 94.9 சதவீதத்தை எட்டியது. சமையல் எரிவாயுவுக்காக மக்கள் நாட்கணக்கில் வரிசையில் நின்றனர். ஆயினும் இங்குச் சுட்டப்படுவது பொருளாதார விவேகம் பற்றிய குறை. அயல் உணவு என்பதனாலேயே ஓர் உணவு தூய்மையற்றது என்ற முடிவுக்கு இது இட்டுச் செல்லாது. உழவனின் நெல்லைக் காக்க வேண்டும் என்பதும், பிறநாட்டார் சமையலை வெறுக்க வேண்டும் என்பதும் வெவ்வேறு கருத்துகள். அவை ஒன்றாகக் கலக்கும்போதே தீங்கு விளைகின்றது.

இனி, இரண்டாவது முறைப்பாட்டிற்கு வருதல் வேண்டும். விருந்தோம்பலைத் தமிழர் தம் தலையாய பண்பாகக் கொண்டவர். விருந்து என்னும் சொல்லின் பழம்பொருள் புதுமை என்பதும், தொல்காப்பியம் அச்சொல்லைப் புதுவகை யாப்பைக் குறிக்கவும் ஆண்டுள்ளது என்பதும் ஈண்டு நினைவு கூரத்தக்கன. உறவினர்க்கு உணவளித்தலைவிட, முன்பு அறியாப் புதியவர்க்கு உணவளித்தலையே அச்சொல் முதலில் சுட்டி நின்றது. கிழக்கிலங்கை முஸ்லிம்களிடையேயும் இப்பண்பு வலுவாக வேரூன்றியுள்ளது. நோன்பு மாதத்தில் பள்ளிவாசல்களில் பெரும் பாத்திரங்களிற் காய்ச்சப்படும் நோன்புக் கஞ்சி விலைக்கு அளிக்கப்படுவதன்று. பாத்திரத்தோடு வரும் சிறுவர் யாவர்க்கும் அது வார்க்கப்படும். இத்தகைய மரபிற் பிறந்தோர், வண்டியொன்றின் முன்னே காசைக் கொடுத்து உணவை வாங்கி நிற்பதைக் கண்டு மனம் குறைபடுதல் இயல்பே.

ஆயினும் உணவு விற்றலும் தமிழர்க்குப் புதியதன்று. மதுரை மாநகரின் இரவை வருணிக்கும் மதுரைக்காஞ்சி, அடையும் மோதகமும் விற்ற வணிகர் இரவு முதிர்ந்தபோது தம் பண்டங்களோடு இருந்தவாறே உறங்கியதைக் காட்டுகின்றது. கல்முனைக்குடிக் கடற்கரைப் பள்ளிவாசலில் நாகூர் ஆண்டகையின் நினைவாக ஆண்டுதோறும் நிகழும் கொடியேற்ற விழாவிலும், கந்தூரி அன்னம் ஒருபுறம் வழங்கப்பட, தின்பண்டக் கடைகள் மறுபுறம் நிரையாக நிற்பது வழக்கம். மேலைநாட்டிலோ, 1872 இல் அமெரிக்காவின் புரொவிடன்ஸ் நகரில் வோல்டர் ஸ்கொட் என்பவர் குதிரை வண்டியில் உணவு விற்கத் தொடங்கியது, கடைகள் அடைத்த பின்னரும் இரவில் உழைத்தவர்களுக்காகவே. விருந்தளிப்போர் உறங்கச் சென்ற வேளையிலும் பசி உறங்குவதில்லை. அப்பசியை ஆற்றியவர் வணிகரே.

மேலும், விலைக்கு விற்றலில் விருந்திலும் காண்பதற்கரிய ஒரு நன்மை உண்டு. விருந்தில் அழைப்பவர் உயர்ந்து நிற்கின்றார். அழைக்கப்படாதவர் வெளியே நிற்கின்றார். பந்தி வஞ்சனையும் இடப்பாகுபாடும் விருந்துக் கூடங்களிலேயே நிகழ்ந்துள்ளன. விலை கொடுத்தவரோ எவர்க்கும் கடன்பட்டவரல்லர். அவருடைய குலத்தை வினவும் உரிமை விற்பவர்க்கு இல்லை. இவ்வுரிமைதானும் எளிதிற் கிட்டியதன்று. உணவகங்களிற் பாகுபாடு காட்டுதலை 1957 ஆம் ஆண்டின் சமூகக் குறைபாடுகள் தடைச் சட்டம் குற்றமாக்கிய பின்னரும், யாழ்ப்பாணக் குடாநாட்டின் தேநீர்க் கடைகளுள் ஒடுக்கப்பட்டோர் பிறரோடு சமமாக அமர்ந்து அருந்துவதற்கு 1960களின் பிற்பகுதியில் தீண்டாமை ஒழிப்பு வெகுஜன இயக்கம் போராட வேண்டியிருந்தது. போராடியவர் இலவசத் தேநீரை வேண்டினாரல்லர். தம் காசுக்கு, பிறர்க்கு அளிக்கும் அதே குவளையில் தேநீர் வேண்டும் என்றனர். காசின் கண்ணில் எல்லாரும் ஒன்று என்பது வணிகத்தின் குறையாகப் பேசப்படுவதுண்டு. அன்று அதுவே மானுட விடுதலையின் வாயிலாக அமைந்தது.

ஆதலின் விருந்து உயர்ந்தது, விற்பனை தாழ்ந்தது என்னும் எளிய பாகுபாடு நிலைபெறாது. ஆயினும் விற்பனை மட்டுமே போதுமானதா என்ற வினா உண்டு. அடம் சிமித் 1776 இல் வெளியிட்ட நூலில், உணவு விற்போர் தம் நலம் கருதியே மக்களுக்கு உணவு தருகின்றனர் என வாதிட்டார். சந்தை இயங்கும் முறைக்கு அது நல்ல விளக்கம். ஆனால், தட்டில் வைக்கப்பட்ட உணவை ஒருவர் வாயில் இடும் அக்கணத்தை விளக்க அது போதாது. பழுதுற்ற துணியை விரித்துப் பார்த்து அறியலாம். குறைந்த நிறையைத் தராசில் இட்டு அறியலாம். உணவின் தீமையோ உண்ட பின்னரே வெளிப்படும். எண்ணெய் எத்தனை முறை காய்ந்தது, இறைச்சி எப்போது வெட்டப்பட்டது, தண்ணீர் எங்கிருந்து எடுக்கப்பட்டது என்பனவற்றை வாங்குவோர் அறியார். அறியாத இவ்விடைவெளியை நிரப்புவது நம்பிக்கை ஒன்றே. அதனை விலைப் பட்டியலில் எழுதி விற்றல் இயலாது.

நடமாடும் வண்டியில் இவ்விடைவெளி மேலும் விரிகின்றது. நிலையான கடைக்கு ஊரில் ஒரு பெயர் உண்டு. உரிமையாளரின் தந்தையையும் மக்கள் அறிந்திருப்பர். இன்று சாய்ந்தமருதிலும் நாளை நிந்தவூரிலும் நிற்கும் வண்டிக்கு அத்தகைய பிணை இல்லை. அதே வேளையில், கடையின் சமையல் சுவருக்குப் பின்னே நிகழ, வண்டியின் சமையல் கண்முன்னே நிகழ்கின்றது. அவ்வகையில், நம்பிக்கையைக் குறைப்பதும் பெருக்குவதுமாகிய இரு தன்மைகளும் அதன்கண் உள்ளன. ஒருவர் மற்றொருவரிடம் நம்பி ஒப்படைத்ததை அமானிதம் என்ற சொல்லால் இக்கரையின் முஸ்லிம்கள் குறிப்பர். பொன்னும் பணமும் மட்டுமன்றி, இரகசியமும் பொறுப்பும் அமானிதமாகும். வழிப்போக்கர் ஒருவர் வண்டியின் முன் நின்று உணவு கேட்கும்போது, தம் உடலையே அவர் அமானிதமாக வைக்கின்றார் எனலாம்.

இந்நம்பிக்கை முறிந்தால் நேர்வது யாது என்பதை அம்பாறை மாவட்டம் நேரிற் கண்டுள்ளது. 2018 பெப்ரவரி 26 இரவு, அம்பாறை நகரில் முஸ்லிம் ஒருவரின் உணவகத்தில், உணவில் காணப்பட்ட வெண்ணிறக் கட்டியொன்றை மலட்டுத்தன்மை உண்டாக்கும் மாத்திரை என்று ஒருவர் குற்றஞ்சாட்டினார். கூட்டம் சூழ்ந்தது. சிங்கள மொழியை நன்கு அறியாத பணியாளர், அச்சத்தின் நடுவே தலையசைத்தது ஒப்புதலாகக் கொள்ளப்பட்டது. அது ஒளிப்பதிவாகி எங்கும் பரப்பப்பட்டது. அவ்விரவே உணவகமும் வேறு கடைகளும் வாகனங்களும் பள்ளிவாசலும் தாக்கப்பட்டன. உணவில் இட்டால் மலட்டுத்தன்மை தரும் அத்தகைய மாத்திரையை மருத்துவ உலகம் அறியாது. அரச இரசாயனப் பகுப்பாய்வுத் திணைக்களம் அக்கட்டியைச் சோதித்து, அது மாச்சத்துப் பொருளே எனப் பின்னர் அறிவித்தது. அதாவது, சரியாகப் பிசையப்படாத மா. ஆனால் அவ்வறிக்கை வருமுன்னரே கண்டி மாவட்டத்திலும் வன்முறை மூண்டு, மார்ச் 6 இல் நாடெங்கும் அவசரகால நிலை பிரகடனப்படுத்தப்பட்டிருந்தது.

இந்நிகழ்ச்சியை ஆராய்வோர் ஐயத்தின் இருவகையைப் பகுத்துணர்தல் வேண்டும். உணவில் கட்டியொன்றைக் காண்பவர் அது யாதென ஐயுறுதல் நேரியது. அவ்வையம் பொருளை நோக்கியது, விடையை வேண்டுவது, விடை கிடைத்ததும் அடங்குவது. மற்றொரு வகை ஐயம் ஆளை நோக்கியது. அதற்குக் கட்டி ஒரு சாக்கு மட்டுமே. இவ்வினத்தவர் இவ்வாறே செய்வர் என்ற முடிவு முன்னரே இருக்க, சான்று பின்னர் தேடப்படுகின்றது. பகுப்பாய்வாளரின் அறிக்கை முதல்வகை ஐயத்திற்கு மருந்தாகும். இரண்டாம் வகைக்கு அது செவிடன் காதில் ஊதிய சங்காகும். ஏனெனில் அங்கே வினா எதுவும் கேட்கப்படவில்லை. கேளாத வினாவிற்கு விடை அளிப்பது எங்ஙனம்?

இதற்கு நேர்மாறானதொரு நினைவும் அதே மாவட்டத்திற்கு உண்டு. 2004 டிசெம்பர் 26 காலை எழுந்த ஆழிப்பேரலையில் அம்பாறை மாவட்டத்தில் மட்டும் 10,000 பேருக்கு மேற்பட்டோர் மாண்டனர். மருதமுனை, கல்முனை, சாய்ந்தமருது, காரைதீவு என அடுத்தடுத்த ஊர்களின் கரையோரக் குடியிருப்புகள் அழிந்தன. அடுப்பு மூட்ட வீடில்லாத அந்நாட்களில், அலை எட்டாத உள்ளூர்களிலிருந்து, சிங்களக் கிராமங்கள் உட்பட, சோற்றுப் பொதிகள் லொறிகளிலும் உழவு இயந்திரங்களிலும் வந்தன. யார் சமைத்தது, எந்த அடுப்பில் வெந்தது என வினவுவதற்கு அங்கே எவர்க்கும் மனம் இருக்கவில்லை. அறியாதோர் அனுப்பியதை அறியாதோர் உண்டனர். உணவோடு வந்த வாகனங்கள் இக்கரையில் ஊர் எல்லையைக் கடந்து நின்றது இன்றைய வண்டிகளுக்கு முன்னரே நிகழ்ந்துவிட்டது.

ஈண்டு மெய்யியல் நோக்கில் ஒரு சிக்கல் எழுகின்றது. 2004 இல் மக்கள் நம்பியதற்கும் சான்று இல்லை. 2018 இல் கூட்டத்தினர் ஐயுற்றதற்கும் சான்று இல்லை. சான்றின்மை இரண்டிற்கும் பொதுவாயின், ஒன்றைப் போற்றுவதும் மற்றதைப் பழிப்பதும் எவ்வாறு நியாயமாகும்? பசியின் கொடுமை அவர்களை நம்பச் செய்தது. ஆகவே அதில் அறம் ஒன்றும் இல்லை என்று கூறுவாரும் இருக்கலாம்.

இச்சிக்கலுக்கு விடை, இழப்பை ஏற்பவர் யார் என்பதில் உள்ளது. நம்பி உண்பவர் தம் உடலையே பணயம் வைக்கின்றார். அவருடைய நம்பிக்கை பிழைத்தால் துன்புறுபவர் அவரே. சான்றின்றிப் பழி சுமத்துபவரோ மற்றவரின் கடையையும் மானத்தையும் உயிரையும் பணயம் வைக்கின்றார். அவருடைய ஐயம் பிழைத்தால் துன்புறுபவர் பிறர். தன் இழப்பில் துணிவு கொள்வதும் பிறர் இழப்பில் துணிவு கொள்வதும் ஒரே தட்டில் வைத்து நிறுக்கத் தக்கனவல்ல. உண்ண விரும்பாதவர் உண்ணாது செல்லலாம்; அதற்கு அவர் எவர்க்கும் காரணம் கூற வேண்டியதில்லை. ஆனால் உண்ணாது செல்லும் உரிமை, அடுப்பை உடைக்கும் உரிமையாக ஒருபோதும் மாறாது. வீதியோர உணவு பற்றிய அறத்தின் முதல் விதி இதுவெனக் கொள்ளலாம்.

ஆயினும் நம்புவோர்க்கே அறத்தைப் போதித்து, நம்பப்படுவோரை விட்டுவிடுதல் ஒருபக்கச் சார்பாகும். அவர்தம் கடமையும் ஆராயப்படல் வேண்டும். எண்ணெயை மாற்றுதல், இறைச்சியைக் குளிரிற் காத்தல், கைகளைக் கழுவுதல் ஆகியன சட்டமும் வேண்டுவன. அவற்றில் கருத்து வேறுபாட்டிற்கு இடமில்லை. அவற்றினும் நுண்ணிய கடமையொன்று, இக்கரையின் ஊர் அமைப்பினாலேயே தோன்றுகின்றது. கல்முனையில் நிற்கும் வண்டியொன்றில் மாட்டிறைச்சிக் கொத்து இப்போதுதான் ஆக்கி முடிந்தது எனக் கொள்க. அடுத்து வரிசையில் நிற்பவர் பாண்டிருப்பிலிருந்தோ காரைதீவிலிருந்தோ வந்த இந்து இளைஞர். அவர் முட்டைக் கொத்துக் கேட்கின்றார். அதே இரும்புத் தட்டு, அதே தகடுகள், தட்டின் ஓரத்தில் முன்னைய இறைச்சியின் கொழுப்பு இன்னும் பொரிந்துகொண்டிருக்கின்றது. இளைஞர் கைத்தொலைபேசியைப் பார்த்தவாறு நிற்கின்றார், எதனையும் வினவவில்லை. விற்பவர் என் செய்தல் வேண்டும்?

சட்டம் இவ்விடத்தில் அதிகம் பேசாது. அவ்வுணவால் நோய் வராது. கேட்கப்படாத ஒன்றைச் சொல்லாமல் விடுதல் பொய்யாகாது என வாதிடவும் இடமுண்டு. தட்டைக் கழுவித் துடைத்து மீண்டும் சூடாக்குவதற்குள் வரிசையில் நிற்போர் இருவர் வேறு வண்டியை நாடிச் செல்லவுங் கூடும். எனினும் விற்பவர் தம் வாழ்வையே இங்கு எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். வேற்றூர் செல்லும்போது தமக்கு வைக்கப்படும் உணவு ஹலாலானதா என்ற கவலையை அவர் நன்கு அறிவார். அதனை வினவக் கூசி, பசியோடு திரும்பிய அனுபவம் அவர்தம் மக்களுள் பலர்க்கு உண்டு. 2013 இல் ஹலால் முத்திரைக்கு எதிராக நாட்டில் எழுந்த பரப்புரையில், இக்கவலை கேலிக்கும் பகைக்கும் உள்ளானதையும் அவர் மறந்திருக்கமாட்டார். தம் விலக்கை உலகம் மதித்தல் வேண்டும் என விரும்புபவர், பிறர் விலக்கைத் தாம் முதலில் மதித்தல் வேண்டும். அவர் கேளாவிடினும் சொல்வதும், தட்டைக் கழுவுவதுமே அமானிதத்தைக் காத்தலாகும். ஹலால் என்பது தன்னவர்க்கு மட்டும் உரிய பாதுகாப்பாகச் சுருங்காமல், உண்பவரின் மனச்சான்றைப் புண்படுத்தாமை என்னும் பொது அறமாக விரிவது இத்தகைய சிறு செயல்களினாலேதான்.

அவ்வாறே இந்து இளைஞர்க்கும் ஒரு கடமை உண்டு. தம் விலக்கை அவர் வெளிப்படையாகக் கூறுதல் வேண்டும். கூறாமல் உண்டுவிட்டுப் பின்னர் ஏமாற்றப்பட்டதாகக் குறைகூறுதல் நேர்மையாகாது. கேட்டவுடன் தட்டைக் கழுவித் தரும் விற்பனையாளரை அவர் இனங்கண்டு பாராட்டவும் வேண்டும். அடுத்தடுத்து வாழ்ந்தும், நிருவாக எல்லைகள் பற்றியும் காணிகள் பற்றியும் நெடுங்காலமாகப் பிணங்கி நிற்கும் இரு சமுதாயத்தவர், பெரிய மேடைகளிற் பேசித் தீராதவற்றைத் தட்டு முன்னே நின்று பேசித் தீர்த்துவிடப் போவதில்லை. ஆயினும் வினவவும் விடையளிக்கவும் அஞ்சாத பழக்கம் எங்கேயோ தொடங்கியாக வேண்டும். ஐந்து நிமிடத்தில் முடியும் கொடுக்கல் வாங்கலில் அது தொடங்குதல் எளிது.

இவற்றையெல்லாம் தனிமனிதரின் நற்பண்பிற்கு மட்டும் விட்டுவிடலாமா என்பது இறுதியாக நோக்கத்தக்கது. விடலாகாது. நம்பிக்கை தழைப்பதற்கு நிலம் பண்படுத்தப்படல் வேண்டும். அது பொது நிறுவனங்களின் பணியாகும். 1980 ஆம் ஆண்டின் 26 ஆம் இலக்க உணவுச் சட்டம் இலங்கையில் ஏற்கெனவே உள்ளது. அதனை நடைமுறைப்படுத்தப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரும் உளர். வண்டிகளுக்கு அனுமதி, தூய நீர், கழிவகற்றல், நிற்பதற்கு ஏற்ற இடம் ஆகியவற்றை உள்ளூராட்சிச் சபைகள் ஒழுங்குபடுத்தின் உண்பவரும் விற்பவரும் ஒருசேர நன்மை பெறுவர். சிங்கப்பூர் 1968, 1969 ஆம் ஆண்டுகளில் தன் வீதியோர வணிகரைப் பதிவு செய்து, 1970களில் நீரும் வடிகாலும் உள்ள அங்காடி நிலையங்களை அமைத்து, 1986 அளவில் அனைவரையும் அவற்றிற்குக் கொண்டு சேர்த்தது. சீனர், மலாயர், இந்தியர் என்னும் மூவினத்தாரின் அடுப்புகள் அங்கே ஒரே கூரையின்கீழ் எரிகின்றன. அப்பண்பாட்டை யுனெஸ்கோ 2020 இல் மானுட மரபுரிமையாக ஏற்றது. வீதியின் சுதந்திரத்தில் ஒரு பகுதி அதனால் மறைந்தது உண்மை. எனினும், அறியாதவர் கையுணவை அச்சமின்றி உண்பதற்கு அரசு பிணை நின்றது என்பதே அவ்வரலாறு தரும் படிப்பினை.

ஒழுங்குபடுத்தல் என்ற பெயரில் வண்டிகளை ஓட்டிவிடுதல் வேறு. அது இலகுவானதும் கூட. கடை வாடகைக்கும் முற்பணத்திற்கும் வழியற்றவர்க்கு இவ்வண்டியே முதலாகும். வளைகுடாவிலிருந்து வெறுங்கையோடு திரும்பியவர், அலையால் தொழிலிழந்து மீண்டவர், நெருக்கடிக் காலத்தில் சம்பளம் போதாமல் மாலையில் இன்னொரு தொழிலை நாடியவர் எனப் பலரை அதனருகே காணலாம். சட்டம் இவர்களைக் குற்றவாளிகளாகக் கருதி அணுகுமாயின், இவர்கள் இருளில் ஒளிந்து விற்பர். அப்போது தூய்மையும் ஒளிந்துகொள்ளும்.

ஆகவே, பல தேசத்து உணவுகளைச் சுமந்து இக்கரையில் நிற்கும் வண்டிகளைக் குறித்து, இவ்வுணவு எந்நாட்டது என்று வினவுவதனால் பெரும்பயன் விளையாது. அவ்வினாவிற்கு வரலாறு அளிக்கும் விடை எப்போதும் கலப்பானதாகவே இருக்கும். இதனை ஆக்கிய கை நம்பத் தக்கதா, அதனை நம்பி நிற்கும் என் அயலவர்க்கு அது உண்மை பேசுமா, அக்கையின் மீது ஆதாரமின்றிப் பழி வரும்போது அயலவர் அதற்குத் துணை நிற்பாரா என்பனவே வினவத் தக்கன. இரவு பத்து மணிக்குக் கல்முனை வீதியில் தட்டைக் கழுவி, துணியால் துடைத்து, அடுத்தவர்க்காக மீண்டும் அடுப்பைத் தூண்டும் ஒருவர் இவ்வினாக்களை நூல்களிற் கற்றிருக்க வேண்டியதில்லை. அவர் கையில் அவற்றிற்குரிய விடை உண்டு. அவ்விடையைக் காப்பது அவரை மட்டும் சார்ந்ததன்று. அவர் முன்னே காசுடன் நிற்கும் ஒவ்வொருவரையும் சார்ந்ததாகும்.